கணிதத்தின் மீது ஒரு வீண்பழி

"32 பிட் விண்டோஸ் நான்கு ஜிபிக்கு மேல் ரேமை எடுக்காது. இரண்டின் முப்பத்திரண்டாம் அடுக்கு அவ்வளவுதான், அது கணிதம்." ரிச்சி தெருவின் பழுதுபார்க்கும் மேசையிலிருந்து பொறியியல் கல்லூரி வைவா வரை யாரும் எதிர்க்கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்ட வாக்கியம் இது. நான்கு ஜிபி ரேம் போட்ட கணினி மூன்றேகால் ஜிபி என்று காட்டினால் இதுதான் பதில். எட்டு ஜிபி போட்டும் அதே மூன்றேகாலில் நின்றால் அதற்கும் இதுதான் பதில். கணிதம் என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. கணிதத்தோடு யார் வாதாடப் போகிறார்கள்?

முதலில் இந்தக் கருத்தை அதன் முழு வலுவோடு எடுத்துவைத்துவிடலாம். 32 இரும இலக்கங்களில் எழுதக்கூடிய வெவ்வேறு எண்கள் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் முகவரியாக ஓர் எண் வேண்டும். எண்கள் தீர்ந்துபோகும் இடம் நான்கு ஜிபி. அதற்கு மேல் ரேம் இருந்தாலும் அதைக் கூப்பிடப் பெயர் இல்லை. கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, பயாஸ் சிப் ஆகியவையும் இதே எண்களிலிருந்துதான் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. அதனால் ரேமுக்கு மிஞ்சுவது மூன்று, மூன்றேகால், மூன்றரை. வழி ஒன்றுதான்: 64 பிட் இயங்குதளம் போடு. இந்த வாதத்தில் பெருக்கல் பிழை எதுவும் இல்லை. அதன் முடிவாக வரும் அறிவுரையும் பெரும்பாலும் பலிக்கிறது, இந்தக் கருத்து இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணமே அதுதான். ஆனால் கணினிக்குள் எது 32 பிட் என்று பார்க்காமலே பெருக்கியிருக்கிறார்கள். வீட்டுக் கணினிகளில் அந்த எல்லையை வைத்தது இயங்குதளத்தை விற்ற நிறுவனம். அதற்கு அடுத்த பங்கு மதர்போர்டு சிப்செட்டைச் சிக்கனமாகச் செய்தவர்களுக்கு. கணிதத்துக்கு இதில் பங்கே இல்லை என்பது என் வாதம்.

1. விதி என்று சொன்னால் அது எல்லா பிராசசருக்கும் பொருந்த வேண்டாமா? "பிட் எண்ணிக்கை எவ்வளவோ, முகவரி எண்ணிக்கை இரண்டின் அத்தனையாம் அடுக்கு" என்பது விதியானால், 8 பிட் பிராசசருக்கு 256 பைட் நினைவகம்தான் கிடைத்திருக்கும். 256 பைட்டில் ஒரு கடிதம்கூட அடங்காது. நம் கல்லூரி ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் கையால் நிரல் ஏற்றும் 8085 ஒரு 8 பிட் பிராசசர். அதற்கு முகவரிக் கம்பிகள் 16, அது அணுகும் நினைவகம் 64 கேபி. இதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய அதே மாணவர், அடுத்த ஆண்டு 32 பிட் என்றால் நான்கு ஜிபி என்று தயங்காமல் சொல்கிறார். 8086 ஒரு 16 பிட் பிராசசர். முகவரிக் கம்பிகள் 20, நினைவகம் 1 எம்பி. 80286-ம் 16 பிட்தான். கம்பிகள் 24, நினைவகம் 16 எம்பி. 386எஸ்எக்ஸ் உள்ளுக்குள் முழுமையான 32 பிட் பிராசசர், ஆனால் வெளியே வந்த முகவரிக் கம்பிகள் 24. அதன் உச்சவரம்பும் 16 எம்பிதான். மறுபக்கம், 1995-இல் வந்த பென்டியம் புரோ 32 பிட் பிராசசராக இருந்துகொண்டே 36 பிட் முகவரி கொடுத்தது: 64 ஜிபி. 2003-இல் வந்த ஆப்டெரான் 64 பிட் பிராசசர். அது ரேமுக்குக் கொடுத்த முகவரியோ 40 பிட், அதாவது ஒரு டெராபைட். இந்த வரிசையில் எதுவும் "விதி"யை மதிக்கவில்லை. 386டிஎக்ஸ் முதல் முதலாவது பென்டியம் வரைக்கும் பதிவகத்தின் அகலமும் முகவரியின் அகலமும் ஒன்றாக அமைந்திருந்தன. அந்தச் சில ஆண்டுகளின் தற்செயலைத்தான் கணித விதியாக்கி வைத்திருக்கிறோம்.

2. எந்த முகவரியைப் பற்றிப் பேசுகிறீர்கள்? கணினியில் முகவரி இரண்டு வகை. ஒரு நிரல் தனக்குள் பயன்படுத்துவது மெய்நிகர் முகவரி. ரேம் சிப்பைப் போய்ச் சேருவது பௌதிக முகவரி. இரண்டுக்கும் நடுவில் பக்க அட்டவணை என்ற மொழிபெயர்ப்புப் பட்டியல் உட்கார்ந்திருக்கிறது. நினைவகத்தை நாலு நாலு கேபி பக்கங்களாக வெட்டி, "நிரலின் இந்தப் பக்கம் ரேமின் அந்தப் பக்கம்" என்று வரிவரியாக அதில் எழுதியிருக்கும். 32 பிட் நிரலின் மெய்நிகர் முகவரி 32 பிட் என்பது உண்மை. ஒரு நிரல் ஒரே நேரத்தில் நான்கு ஜிபிக்கு மேல் பார்க்க முடியாது என்பதும் உண்மை. கணிதத்தின் ஆட்சி அந்த இடத்தோடு முடிந்தது. மொழிபெயர்ப்பின் விடையாக வரும் பௌதிக முகவரி 32 பிட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கணிதமும் சொல்லவில்லை. பென்டியம் புரோவில் இன்டெல் செய்தது இதைத்தான்: அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் 32 பிட்டிலிருந்து 64 பிட்டாக அகலப்படுத்தி, இரண்டடுக்கு அட்டவணையை மூன்றடுக்கு ஆக்கியது. பௌதிக முகவரி விரிவாக்கம், சுருக்கமாக பிஏஇ என்று இதற்குப் பெயர். இதன்பின் ஒவ்வொரு நிரலும் தன் நான்கு ஜிபிக்குள்ளேயே இருக்கும். ஆனால் பத்து நிரல்கள் ரேமின் பத்து வெவ்வேறு பகுதிகளில் உட்காரலாம், எல்லாம் சேர்ந்து இருபது ஜிபியை நிரப்பலாம். ஒரு நிரலின் எல்லையையும் மொத்த ரேமின் எல்லையையும் ஒன்றாகக் குழப்பியதால்தான், பழைய விண்டோஸின் பூட்.ஐஎன்ஐ கோப்பில் "/3ஜிபி" என்று எழுதினால் ரேம் கூடும் என்று பலர் நம்பினார்கள். அந்தச் சொடுக்கு ஒரு நிரலுக்குக் கிடைக்கும் மெய்நிகர் இடத்தை இரண்டு ஜிபியிலிருந்து மூன்றாக்கும்; ரேமை ஒரு பைட்கூடத் தொடாது.

3. "ஏட்டில் முடியும், நடைமுறையில் யார் செய்தார்கள்?" என்றால், ஏறக்குறைய எல்லோரும் செய்தார்கள். விண்டோஸ் 2000 அட்வான்ஸ்டு சர்வர், முழுக்க 32 பிட், 8 ஜிபி எடுத்தது. அதன் டேட்டாசென்டர் பதிப்பு 32 ஜிபி எடுத்தது. 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4 கெர்னல் 32 பிட் பிராசசரில் 64 ஜிபி வரை கையாளும் வசதியோடு வந்தது. 2008-இன் மேக் புரோ 32 ஜிபி வரை ரேம் ஏற்கும்; அதில் ஓடிய மேக் ஓஎஸ் லெபர்டின் கெர்னல் 32 பிட். இன்டெல் உலகத்துக்கு வெளியிலும் இதே கதைதான். 2020 மே மாதம் 8 ஜிபி ராஸ்பெர்ரி பை 4 வந்தபோது அதற்கான இயல்பான இயங்குதளம் 32 பிட்தான். ஏஆர்எம் பிராசசரிலுள்ள இதே போன்ற முகவரி விரிவாக்கத்தைக் கொண்டு அது எட்டு ஜிபியையும் எடுத்துக்கொண்டது. ஒரு தனி நிரல் மூன்று ஜிபிக்கு மேல் போக முடியாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. உள்ளங்கை அகலப் பலகை செய்வதைக் கணிதம் தடுக்கவில்லை. பெரிய டெஸ்க்டாப்பில் மட்டும் தடுத்ததாம்.

இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டாலும் ஓர் ஒப்பீடு போதும். விண்டோஸ் விஸ்டா எஸ்பி1, விண்டோஸ் சர்வர் 2008 இரண்டும் 2008 பிப்ரவரி 4 அன்று ஒன்றாகத் தயாராகி வந்தவை. இரண்டின் பதிப்பெண்ணும் 6.0, கட்டமைப்பு எண்ணும் 6001. அடித்தளக் கெர்னல் ஒன்றே. 32 பிட் விஸ்டாவின் வரம்பு, எந்தப் பதிப்பானாலும், 4 ஜிபியைத் தாண்டாது. 32 பிட் சர்வர் 2008 என்டர்பிரைஸின் வரம்பு 64 ஜிபி. இதைவிடச் சுவையானது, அதே சர்வர் 2008-இன் 32 பிட் ஸ்டாண்டர்டு பதிப்பின் வரம்பு மறுபடியும் 4 ஜிபி. இரண்டின் முப்பத்திரண்டாம் அடுக்கு, அட்டைப்பெட்டியில் ஸ்டாண்டர்டு என்று இருக்கிறதா என்டர்பிரைஸ் என்று இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டா மாறுகிறது?

4. வீட்டுக் கணினியில் பிஏஇ இல்லாமலா போயிற்று? இருந்தது, ஓடிக்கொண்டும் இருந்தது. 2004-இல் எக்ஸ்பியின் எஸ்பி2 வந்தபோது, தரவு இருக்கும் பக்கத்தை நிரலாக ஓடவிடாமல் தடுக்கும் பாதுகாப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். "இந்தப் பக்கத்தை ஓட்டாதே" என்ற குறியை பிராசசர் பக்க அட்டவணை வரியின் கடைசி பிட்டில், 63-ஆவது பிட்டில், எதிர்பார்க்கிறது. பழைய 32 பிட் வரியில் 63-ஆவது பிட்டுக்கு எங்கே போவது? ஆகவே அந்த வசதியுள்ள பிராசசர்களில் எக்ஸ்பி எஸ்பி2 தானாகவே பிஏஇ கெர்னலை ஏற்றிக்கொண்டது. அகலமான வரி வந்துவிட்டது, மூன்றடுக்கு அட்டவணையும் வந்துவிட்டது, அதற்கான சிறு வேகக் குறைவையும் பயனர் சுமந்தாயிற்று. இவ்வளவுக்கும் பிறகு, நான்கு ஜிபிக்கு மேலுள்ள பௌதிக முகவரியை அந்த வரியில் எழுதுவதில்லை என்று கெர்னல் தீர்மானித்துவிட்டது. "பிஏஇ மெதுவானது, அதனால்தான் கொடுக்கவில்லை" என்பவர்கள் இந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டும்: விலையை வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுக்காததற்கு என்ன பெயர்? 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது பிஏஇ இல்லாத பிராசசரில் நிறுவவே முடியாது என்ற நிலை வந்தது. அதன் 32 பிட் பதிப்பின் ரேம் வரம்பு அப்போதும் 4 ஜிபி.

5. மறுதரப்பின் சிறந்த வாதம் டிரைவர்கள். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மைக்ரோசாப்டின் மார்க் ரஸ்ஸினோவிச் 2008-இல் இதை வெளிப்படையாகவே எழுதினார். சோதனைகளில், நான்கு ஜிபிக்கு மேல் ரேம் வைத்தால் பல வீட்டுக் கணினிகள் நின்றுபோயின, முடங்கின, கிளம்பவே மறுத்தன. காரணம், வீட்டுக் கணினிகளில் இருக்கும் வீடியோ, ஆடியோ கருவிகளின் டிரைவர்களை எழுதியவர்கள் பௌதிக முகவரி 32 பிட்டுக்குள் அடங்கும் என்று நம்பி எழுதியிருந்தார்கள். நடப்பது என்னவென்று கிட்டத்தில் பார்த்தால் அச்சம் நியாயமானது என்று புரியும். கருவி ரேமில் நேராக எழுத வேண்டும். எங்கே எழுதுவது என்று டிரைவர் முகவரி கொடுக்கிறது. ஐந்து ஜிபி என்ற முகவரியை 32 பிட் கட்டத்துக்குள் திணித்தால் மேலே உள்ள பிட் உதிர்ந்து ஒரு ஜிபி என்று ஆகிவிடும். ஒலித் துணுக்கு ஒன்று ஐந்தாம் ஜிபிக்குப் போக வேண்டியது, ஒன்றாம் ஜிபியில் உட்கார்ந்திருக்கும் வேறொரு நிரலின் தரவின் மேல் போய் விழும். கணினி எப்போது, எதனால் சாய்ந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே வீட்டுப் பதிப்புகளில் நான்கு ஜிபிக்கு மேலுள்ள முகவரியையே புறக்கணித்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள்.

நல்ல காரணம். அது ஒரு முடிவுக்கான காரணம் என்பதையும் கவனிக்க வேண்டும். முடிவு என்றால் வேறு விதமாகவும் எடுத்திருக்கலாம். ஒழுங்காக எழுதப்பட்ட டிரைவரும் 32 பிட் கருவியும் சேர்ந்திருக்கும் இடங்களில், தரவை முதலில் நான்கு ஜிபிக்குக் கீழே ஓர் இடைத்தாங்கியில் வாங்கி, பிறகு மேலே நகலெடுக்கும் முறை லினக்ஸிலும் உண்டு, விண்டோஸ் சர்வரிலும் உண்டு. ஒழுங்கற்ற டிரைவர்களுக்குப் பயந்தால், வசதியை இயல்பாக அணைத்து வைத்து, வேண்டியவர் தன் பொறுப்பில் போட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு சொடுக்கு கொடுத்திருக்கலாம். 64 பிட் விண்டோஸுக்கு மாறியபோது பழைய டிரைவர்கள் எல்லாமே செல்லாக்காசாகி, புதிதாக எழுதவேண்டி வந்தது. அந்தத் துணிவு அங்கே இருந்தது. மேலும், டிரைவர் வாதத்தால் விளக்கவே முடியாத எல்லைகள் அதே நிறுவனத்தின் பட்டியலில் இருக்கின்றன. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், 32 பிட், அதன் வரம்பு 2 ஜிபி. இரண்டு ஜிபிக்கும் நான்கு ஜிபிக்கும் இடையில் எந்த டிரைவரும் தடுமாறியதில்லை. இந்தியா போன்ற நாடுகளை மனத்தில் வைத்து விற்ற விண்டோஸ் 7 ஹோம் பேசிக்கின் 64 பிட் பதிப்புக்கு வரம்பு 8 ஜிபி; ஹோம் பிரீமியத்துக்கு 16; புரொஃபஷனலுக்கு 192. நான்கு ஜிபியைத் தாண்டிய பிறகு, எட்டில் ஒரு சுவரும் பதினாறில் ஒரு சுவரும் எழுப்ப எந்தப் பொறியியல் காரணம் இருக்கிறது? இது விலைப்பட்டியலின் படிக்கட்டு. ஆராய்ச்சியாளர் ஜெஃப் சாப்பெல் 32 பிட் விஸ்டாவின் கெர்னலைப் பிரித்துப் பார்த்து, எவ்வளவு ரேம் எடுக்கலாம் என்பதை அது உரிமத் தரவிலிருந்து படித்துத் தெரிந்துகொள்கிறது என்று காட்டினார். ரேம் அளவு எழுதியிருந்தது உரிமத்தில்!

6. அப்படியானால் காணாமல் போன முக்கால் ஜிபி? இங்கேதான் பொது நம்பிக்கை உண்மைக்கு மிக அருகில் வருகிறது, ஆனால் தவறான ஆளைப் பிடிக்கிறது. நான்கு ஜிபியின் உச்சிக்குக் கீழே கருவிகளுக்கென்று ஒரு பள்ளம் விடுவது பிசி வடிவமைப்பில் உண்மையிலேயே உண்டு. பிராசசர் விழித்தவுடன் படிக்கும் முதல் கட்டளையின் முகவரியே நான்கு ஜிபிக்கு 16 பைட் கீழே, பயாஸ் சிப்புக்குள் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கீழே குறுக்கீட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லுகள். பிசிஐ எக்ஸ்பிரஸ் தன் அமைப்புப் பதிவேடுகளுக்காக முழுமையாக எடுத்துக்கொண்டால் 256 எம்பி. கிராபிக்ஸ் கார்டின் சாளரத்துக்கு இன்னொரு 256 எம்பி. மற்றவற்றையும் சேர்த்து, முழு எண்ணாக வெட்டி 768 எம்பி ஒதுக்கினால் மிச்சம் சரியாக 3.25 ஜிபி. ஒரு ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்டால் ஒரு ஜிபி ரேம் குறையும் என்பார்கள். அன்றைய கார்டுகள் தங்கள் நினைவகம் முழுவதையும் முகவரிக்குள் விரிக்காமல் பெரும்பாலும் அந்தச் சிறு சாளரத்தை மட்டுமே திறந்ததால் அந்தக் கணக்கு அப்படியே சரிவராது. ஆனால் பள்ளம் பெரிதாகவும் ஆகும்: நான்கு ஜிபி ரேமும் இரண்டு பெரிய கிராபிக்ஸ் கார்டுகளும் இருந்த ஒரு விளையாட்டுக் கணினியில் 32 பிட் விண்டோஸுக்கு 2.2 ஜிபியே மிஞ்சியதை ரஸ்ஸினோவிச்சே எடுத்துக்காட்டினார்.

கேள்வி என்னவென்றால், பள்ளத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட ரேமை என்ன செய்வது? அதைத் தூக்கி நான்கு ஜிபிக்கு மேலே புதிய முகவரியில் வைக்கச் சிப்செட்டால் முடியும். பயாஸ் அமைப்பில் "மெமரி ரீமேப்" என்று வரும் சொடுக்கு இதுதான். அது அணைந்திருந்தால் 64 பிட் இயங்குதளம் போட்டாலும் அந்த ரேம் வராது. சிப்செட்டுக்கே அந்தத் திறமை இல்லாவிட்டால் எதைப் போட்டாலும் வராது. 2006, 2007 காலத்தில் இன்டெல் 945ஜிஎம் சிப்செட்டோடு வந்த பல லேப்டாப்களில் கோர் 2 டியோ இருந்தது. அது நல்ல 64 பிட் பிராசசர். அதில் 64 பிட் இயங்குதளத்தையும் ஏற்றி, நான்கு ஜிபி ரேமும் போட்டால் கிடைப்பது மூன்று ஜிபிக்குக் கொஞ்சம் மேலேதான், ஏனென்றால் அந்தச் சிப்செட்டின் முகவரி உலகமே நான்கு ஜிபியோடு முடிகிறது. 64 பிட் பிராசசர், 64 பிட் இயங்குதளம், இருந்தும் ரேம் வரவில்லை. "32 பிட் கணிதம்" இதற்கு என்ன விளக்கம் வைத்திருக்கிறது?

இதை ஊகிக்க வேண்டியதில்லை, கண்ணால் பார்க்கலாம். கணினி கிளம்பும்போது பயாஸ் ஒரு நினைவக வரைபடத்தை இயங்குதளத்திடம் ஒப்படைக்கும். லினக்ஸ் அதை வாங்கியவுடன் தன் தொடக்கப் பதிவில் வரிவரியாக எழுதிவைக்கும்: இந்த முகவரி முதல் அந்த முகவரி வரை பயன்படுத்தலாம், இது ஒதுக்கப்பட்டது என்று. முகவரிகள் பதினாறடிமான எண்ணில் இருக்கும். 1 போட்டு அதன்பின் எட்டுச் சுழியம், அதுதான் நான்கு ஜிபி. நான்கு ஜிபி ரேம் உள்ள கணினியில் அந்த எண்ணில் தொடங்கி "பயன்படுத்தலாம்" என்று முடியும் ஒரு வரி இருந்தால், சிப்செட் தன் கடமையைச் செய்துவிட்டது. ரேமை எடுக்காதது இயங்குதளம். அந்த வரியே இல்லையென்றால் குற்றவாளி பயாஸ் அல்லது சிப்செட். விண்டோஸை மாற்றிப் பயனில்லை. ஒரே ஒரு வரியில் வழக்கு தீர்ந்துவிடுகிறது.

7. "காரணம் எதுவானால் என்ன, 64 பிட் போட்டால் தீர்ந்தது" என்று சலித்துக்கொள்பவர்களுக்கு: தவறான காரணம் தவறான சிகிச்சையில் கொண்டுபோய் விடுகிறது. ரீமேப் அணைந்திருக்கும் கணினியில் வட்டை அழித்து 64 பிட் ஏற்றுகிறார்கள். ரேம் வருவதில்லை, கோப்புகள் போனதுதான் மிச்சம். ஹோம் பேசிக் ஏறிய கணினியில் பதினாறு ஜிபி போட்டு எட்டைப் பார்த்துவிட்டு, ரேம் போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். ஸ்லாட்டில் சரியாக உட்காராத ஒரு ரேமை, பயாஸே எண்ணாத ஒரு ரேமை, "32 பிட் அப்படித்தான்" என்று ஆண்டுக்கணக்கில் சுமந்து திரிகிறார்கள். கணிதத்தை நம்பாத இன்னொரு கூட்டமோ எதிர்ப்பக்கம் விழுகிறது. எம்எஸ்கான்ஃபிக்கில் "அதிகபட்ச நினைவகம்" என்ற பெட்டியில் டிக் போட்டு 4096 என்று எழுதினால் முழு ரேமும் வரும் என்ற வைத்தியம் இன்றும் காணொளிகளில் சுற்றுகிறது. அந்தப் பெட்டி இருப்பது ரேமைக் குறைத்துக் காட்டி நிரல்களைச் சோதிப்பதற்காக. அதில் போடும் எண் உச்சவரம்பு. அது எதையும் கூட்டாது, பல கணினிகளில் இருந்ததையும் குறைத்திருக்கிறது. இன்னும் துணிந்தவர்கள், உரிமச் சோதனையை வெட்டியெறிந்த கெர்னல் கோப்புகளை முகம் தெரியாத இடங்களிலிருந்து இறக்கி ஏற்றினார்கள். கணினியின் எல்லாச் சாவிகளும் இருக்கும் ஒரு கோப்பை இப்படி வாங்கி மாட்டுவது என்ன ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை.

விஸ்டா எஸ்பி1 இந்தக் குழப்பத்துக்குத் தந்த மருந்து தனியாகச் சொல்லத் தக்கது. அதுவரை கணினியின் பண்புகள் பக்கத்தில், இயங்குதளத்துக்குக் கிடைத்த ரேம் 3.25 என்று காட்டப்பட்டது. எஸ்பி1-க்குப் பிறகு, பொருத்தப்பட்ட ரேம் 4 ஜிபி என்று காட்டினார்கள். புகார்கள் குறைந்திருக்கும். ரேம் ஒரு பைட்கூடக் கூடவில்லை. விண்டோஸ் 7-தான் கொஞ்சம் நேர்மையாக இரண்டு எண்களையும் அருகருகே போட்டது.

8. கடைசியாக இரண்டு ஆட்சேபங்கள். முதலாவது, பிஏஇ அழகற்ற ஒட்டுவேலை என்பது. ஆம், ஒட்டுவேலைதான். 32 பிட் லினக்ஸ் கெர்னல் நேராகத் தொடக்கூடிய கீழ்நிலை நினைவகம் 896 எம்பி. 64 ஜிபி ரேமில் நாலு கேபி பக்கங்கள் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். பக்கத்துக்கு 32 பைட் கணக்கு வைத்தால், கணக்குப் புத்தகமே 512 எம்பியைத் தின்றுவிடும். மிச்சத்தில் கெர்னல் மூச்சுவிட முடியாது. ஆகவே பெரிய ரேமுக்கு 64 பிட்தான் சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2008-இல் வீட்டில் இருந்தவர் கேட்டது 64 ஜிபி அல்ல. நான்கைப் போட்டு நான்கையும் கேட்டார், மிஞ்சினால் எட்டு. எட்டு ஜிபிக்கு அதே கணக்கு 64 எம்பி மட்டுமே. இரண்டாவது ஆட்சேபம், இதெல்லாம் பழங்கதை, விண்டோஸ் 11-இல் 32 பிட்டே இல்லை என்பது. 32 பிட் போயிற்று, வரம்பு எழுதும் பழக்கம் போகவில்லை. விண்டோஸ் 10-இன் 64 பிட் ஹோம் பதிப்புக்கு 128 ஜிபி, புரோவுக்கு 2 டெராபைட் என்று அதே படிக்கட்டு தொடர்ந்தது. இன்றைய லேப்டாப்பில் எட்டு ஜிபி போட்டு ஏழரைக்குக் கீழே காட்டும்போது, பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் தன் பங்கை உண்மையான ரேமிலிருந்தே எடுத்துக்கொண்டது என்று தேடிப் பார்க்காமல், "64 பிட்டிலும் ஏதோ கணக்கு இருக்கும்" என்று விட்டுவிடுவதும் இதே சோம்பலின் தொடர்ச்சி. டாஸ்க் மேனேஜரில் "வன்பொருளுக்கு ஒதுக்கப்பட்டது" என்ற எண் எல்லோர் கண்ணெதிரே இருக்கிறது, பார்ப்பவர்கள் குறைவு.

ஆகவே கணினி பழுது பார்ப்பவர்களுக்கும் பாடம் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரேம் குறைவாகத் தெரிந்தால் முதலில் பயாஸ் எவ்வளவு எண்ணுகிறது என்று பாருங்கள். பிறகு ரீமேப், பிறகு சிப்செட், பிறகு இயங்குதளத்தின் பதிப்பு எதுவரை அனுமதிக்கிறது என்ற பட்டியல். யாராவது "கணிதம்" என்றால், ரீமேப் தெரிந்த சிப்செட் உள்ள ஒரு பழைய கணினியை எடுத்து நான்கு ஜிபி ரேம் போடுங்கள். 32 பிட் விண்டோஸ் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிஏஇ கெர்னலோடு வரும் ஏதாவது ஒரு 32 பிட் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து கிளப்புங்கள், உபுண்டு 12.10-இன் 32 பிட் பதிப்பு போதும். அதே பிராசசர், அதே ரேம், அதே 32 பிட். வித்தியாசம் ஏறத்தாழ முக்கால் ஜிபி இருக்கும்.